லூசியானாவில டிடென்ஷன்ல இருக்கிற தங்கச்சின்ர மனுசனுக்கு பிஐஏ (இமிகிரேஷன் அப்பீல் போட்) அப்பீலும் தள்ளுபடி, இனி ஃபெடரல் கோட்டுக்கு போகலாமோ?

வடலி எழுதியது:

வணக்கம். இந்த விசயம் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கோ, தலை விறைச்சுப்போய் இருக்கிறம்.

என்ர தங்கச்சின்ர மனுசன் கிளிநொச்சி பக்கம். பிரேசில், பனாமாக் காடு, மெக்சிகோ எண்டு சுத்தி வந்து போடர்ல பிடிபட்டவர், இப்ப லூசியானாவில டிடென்ஷன். முதல் இன்ரவியூ பாஸ், ஆனால் பேந்து இமிகிரேஷன் ஜட்ஜ் அசைலம் (அகதி அடைக்கலம்) தரேலாது எண்டிட்டார். என்ன காரணம் எண்டால் முதல் இன்ரவியூவில (அது ஃபோனில நடந்தது, லைன் விட்டு விட்டு வந்ததெண்டு அவர் அப்பவே சொன்னவர்) ரெண்டு தரம் பிடிச்சவை எண்டும் கோட்டில மூண்டு தரம் எண்டும் சொல்லியிருக்கிறாராம், ஒருக்கா ஆமி எண்டவராம் பேந்து சிவில் உடுப்பில வந்த சிஐடி எண்டவராம், அதால முழுக்கதையும் நம்பேலாதாம். தமையன் இயக்கத்தில இருந்து காணாமல் போனது, அதுக்குப் பிறகு இவரைத் தேடி வீட்ட வந்தது, மாமி எழுதின கடிதம், கிராம சேவகர், ஜே.பி. (சமாதான நீதவான்) கடிதங்கள், திரும்பிப் போற ஆக்களுக்கு என்ன நடக்குது எண்டு ரிப்போட்டுகள் ஒரு கட்டு, எல்லாம் குடுத்தது. ஒண்டையும் பாத்த மாதிரி தெரியேல்ல.

பிஐஏ அப்பீலும் டிஸ்மிஸ். முடிவில மார்ச் 27 எண்டு திகதி இருக்கு, அது லோயர் ஒஃபிசுக்கு போய் அவர் ஸ்கான் பண்ணி எங்களுக்கு அனுப்பினது ஏப்ரல் 8. ஃபெடரல் கோட்டுக்கு போக 30 நாள் எண்டு சொல்லுகினம், அப்ப மே 8 மட்டும் டைம் இருக்குத்தானே? லோயர் சொல்லுறார் முதல்ல கேஸை ரீஓபன் பண்ணச் சொல்லி மோஷன் போடுவம், அதுக்கு 90 நாள் இருக்கு, அவசரப்பட வேண்டாம் எண்டு. ஊரில பொலிஸ் திரும்ப வந்து விசாரிச்சதுக்கு புதுசா ரெண்டு கடிதம் எடுத்து வச்சிருக்கிறம், அதை ஃபெடரல் கோட்டில குடுக்கலாமோ? கேஸ் போட்டால் ஏத்தி அனுப்பாமல் வச்சிருப்பினமோ? தங்கச்சி அழுதுகொண்டு இருக்கிறாள், அக்கா எண்டு நான்தான் ஓடித்திரியிறன், காசும் கனக்க இல்லை.

மாம்பலம்_எடிசன் எழுதியது:

வடலி அக்கா, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல தேதி. மே 8 இல்லவே இல்ல. 30 நாள் ஓட ஆரம்பிக்கிறது பிஐஏ ஆர்டர்ல போட்டிருக்கிற தேதியில இருந்து, உங்க கைக்கு எப்ப வந்துச்சுங்கறது கணக்கே கிடையாது. மார்ச் 28 ஒண்ணாவது நாள்னு எண்ணினா முப்பதாவது நாள் ஏப்ரல் 26, அது ஞாயித்துக்கிழமை, அதனால ரூல்படி திங்கள் 27 வரைக்கும் தள்ளும். ஆனா திங்கள நம்பி உக்காராதீங்க. நீங்க தபால்ல போட்ட தேதி இல்ல, க்ளர்க் ஆபீஸ்ல போய்ச் சேர்ற தேதிதான் தேதி. 2025ல சுப்ரீம் கோர்ட் இந்த 30 நாள் கெடு கோர்ட்டோட அதிகாரத்தையே பறிக்கிற வகை இல்லன்னு சொல்லிருக்கு, அதை வச்சு லேட்டானாலும் பரவாயில்லன்னு சிலர் கிளப்பி விடுறாங்க, அரசு தரப்பு வக்கீல் லேட்னு ஒரு வரி எழுதினா மனு காலி, அவங்க எழுதாம விடப்போறதில்ல.

(நான் வக்கீல் இல்ல, இமிக்ரேஷன் ஆபீஸ் ஒண்ணுல பேரலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாள். இந்த மாதிரி மனு டைப் அடிச்சு டைப் அடிச்சே கண்ணாடி நம்பர் ஏறிப்போச்சு, அவ்ளோதான் தகுதி.)

உங்க லாயர் சொன்ன 90 நாள் சரிதான், ஆனா ரீஓபன் மோஷன் போட்டா இந்த 30 நாள் நிக்காது, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். இது 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லி முடிச்ச விஷயம். நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க, மோஷன் பெண்டிங்ல இருக்குன்னு நிம்மதியா இருப்பாங்க, அது தள்ளுபடி ஆகி வர்றப்போ மெயின் ஆர்டரை எதிர்க்கிற வழி எப்பவோ மூடியிருக்கும். ரெண்டையும் போடுங்க, பெட்டிஷன் முதல்ல. அதுக்குப் பேரு பெட்டிஷன் ஃபார் ரிவ்யூ. பயப்படாதீங்க, ரெண்டு பக்கம்கூட வராது. அவர் பேரு, ஏ நம்பர் (இமிக்ரேஷன் ஃபைல் நம்பர்), எந்த தேதி ஆர்டரை எதிர்க்கிறோம், எந்த ஊர்ல இமிக்ரேஷன் ஜட்ஜ் கேஸை முடிச்சாரு, வேற எந்த கோர்ட்டும் இந்த ஆர்டரைப் பார்த்திருக்கா இல்லையா, ஆர்டரோட காப்பி, அவ்ளோதான். எதிர்த்தரப்பு அமெரிக்க அட்டர்னி ஜெனரல், அவருக்கும் அந்த ஏரியா ஐஸ் (டிபோர்ட் பண்ற துறை) ஆபீசுக்கும் ஒரு காப்பி போகணும். வாதம் ஒண்ணும் அதுல எழுத வேண்டாம், அதெல்லாம் பின்னாடி ப்ரீஃப்ல (எழுத்து வாதத்துல). லூசியானா ஜட்ஜ்னா ஐந்தாவது சர்க்யூட் (அந்தப் பகுதி ஃபெடரல் அப்பீல் கோர்ட்), க்ளர்க் ஆபீஸ் நியூ ஆர்லியன்ஸ். சில சமயம் ஆள் ஒரு ஊர்லயும் ஜட்ஜ் வீடியோல வேற ஊர்லயும் இருப்பாங்க, அதனால ஜட்ஜோட ஆர்டர் தலைப்புல எந்த கோர்ட் பேர் இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இப்ப முக்கியமானது. பெட்டிஷன் போட்டதால மட்டும் டிபோர்ட்டேஷன் நிக்காது. ஒரு காலத்துல தானா நின்னுச்சு, 1996 சட்டத்துக்கு அப்புறம் இல்ல. தனியா ஸ்டே மோஷன் (அனுப்புறதை நிறுத்தி வைக்கச் சொல்ற மனு) போடணும், பெட்டிஷன் போற அதே கவர்ல அதுவும் போனா நல்லது. கோர்ட் நாலு விஷயம் பார்க்கும், 2009ல சுப்ரீம் கோர்ட் வகுத்தது: கேஸ்ல ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கா, இப்ப அனுப்பினா திருத்தவே முடியாத பாதிப்பு வருமா, ஸ்டே கொடுத்தா எதிர்த்தரப்புக்கு என்ன நஷ்டம், பொதுநலன் எந்தப் பக்கம். முதல் ரெண்டுதான் கனமானது. நாட்டை விட்டு அனுப்புறதே பெரிய பாதிப்புன்னு மட்டும் எழுதினா பத்தாது, அந்த தீர்ப்புலயே அது தானா திருத்த முடியாத பாதிப்பு ஆகாதுன்னு இருக்கு. இவருக்கு அங்க போனா என்ன நடக்கும், யார் தேடினாங்க, கட்டுநாயக்க ஏர்போர்ட்ல என்ன ஆகும்னு ரெக்கார்ட்ல இருக்கிற பக்க நம்பரோட எழுதணும். ஐந்தாவது சர்க்யூட் ஸ்டே விஷயத்துல தாராளம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால ஒப்புக்கு ஒரு மோஷன் போட்டுட்டு விட்டுடாதீங்க.

புது கடிதங்கள் ஃபெடரல் கோர்ட்ல எடுபடாது. அங்க சாட்சி கிடையாது, புது ஆதாரம் கிடையாது, மச்சான் நேர்ல போய் அழவும் முடியாது. ஜட்ஜ் முன்னாடியும் பிஐஏ முன்னாடியும் என்ன இருந்துச்சோ அந்த கட்டு மட்டும்தான் பார்ப்பாங்க. புது கடிதம் ரீஓபன் மோஷனுக்கு. அது தள்ளுபடி ஆனா அதுக்குன்னு தனியா இன்னொரு பெட்டிஷன், அதுக்கும் தனியா 30 நாள்.

மனசுல பட்டதை சொல்லிடறேன். நம்பகத்தன்மை இல்லன்னு ஜட்ஜ் சொன்னதை உடைக்கிறது ரொம்ப கஷ்டம். நியாயமா யோசிக்கிற எவரும் வேற முடிவுக்குத்தான் வந்தாகணும்ங்கற அளவுக்கு ஆதாரம் இருந்தாத்தான் அப்பீல் கோர்ட் அதுல கை வைக்கும், 2005 சட்டத்துக்கு அப்புறம் சின்ன முரண்பாடா இருந்தாக்கூட ஜட்ஜ் அதை வச்சு ஒதுக்கலாம். ரெண்டு தரமா மூணு தரமான்னு சண்டை போட்டு ப்ரீஃப் முழுக்க வீணாக்காதீங்க. உங்க பலம் டார்ச்சர் கன்வென்ஷன் பாயிண்ட், அதாவது திருப்பி அனுப்பினா சித்திரவதை நடக்கும்ங்கற வாதம். 2021ல இதே ஐந்தாவது சர்க்யூட்ல ஒரு இலங்கைத் தமிழர் கேஸ், கிட்டத்தட்ட உங்க கதைதான். அசைலம்ல அவரை நம்பலன்னு சொன்னதை கோர்ட் அப்படியே ஏத்துக்கிச்சு, ஆனா ஆளை நம்பலங்கற ஒரே காரணத்துக்காக டார்ச்சர் க்ளெய்மையும் தூக்கிப்போட முடியாது, நாட்டு நிலைமை பத்தி கொடுத்த ரிப்போர்ட்டுகளை பிஐஏ தனியா பார்த்திருக்கணும்னு அந்தப் பகுதியை திருப்பி அனுப்பிச்சு. நீங்க கொடுத்த ரிப்போர்ட் கட்டை பிஐஏ தொடவே இல்லன்னா இந்த தீர்ப்பை லாயர் மேசையில வைங்க. அதுக்கு முன்னாடி பிஐஏக்கு போட்ட ப்ரீஃப்ல இந்த பாயிண்ட் எழுதப்பட்டிருக்கான்னு பாருங்க, அங்க சொல்லாததை இங்க வந்து சொன்னா அரசு தரப்பு அதையே பிடிச்சுக்கும்.

சித்தப்பா_ஸ்காபரோ எழுதியது:

பிள்ளை, உந்த பெட்டிசன் கிட்டிசன் எண்டு மாசக்கணக்கா இழுபடாமல் ஹேபியஸ் கோர்ப்பஸ் (ஆட்கொணர்வு மனு) போடச் சொல்லு. எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தனுக்கு அங்க கலிபோர்னியாவில ஹேபியஸ் போட்டுத்தான் வெளியில எடுத்தவை, டிஸ்ரிக்ட் கோட்டிலயே முடிஞ்சுது. இஞ்ச கனடாவில எண்டால் ஃபெடரல் கோட்டில முதல் லீவ் (அனுமதி) கேக்கவேணும், ரெஃப்யூஜி போட் முடிவு கைக்கு வந்து 15 நாளுக்குள்ள, லீவ் கிடைச்சால்தான் ஜுடிஷியல் ரிவ்யூவே. அங்க 30 நாள் தந்து லீவும் கேக்காமல் விடுறாங்கள் எண்டால் அது பெரிய விசயம், ஆனால் ஹேபியஸ்தான் கெதி. ஒரு தமிழ்ப் பெடியன்ர ஹேபியஸ் சுப்ரீம் கோட் மட்டும் போனது எண்டு பேப்பரிலயும் வாசிச்சனான்.

மாம்பலம்_எடிசன் எழுதியது:

ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க சொல்ற அந்த பையன் வெளிய வந்தது டிடென்ஷன்ல இருந்து, டிபோர்ட்டேஷன் ஆர்டர்ல இருந்து இல்லன்னு நினைக்கிறேன். ரொம்ப நாளா அடைச்சு வச்சிருக்காங்க, ஜாமீன் விசாரணை கொடுக்கலன்னா அதுக்கு ஹேபியஸ் இன்னைக்கும் போடலாம், டிஸ்ட்ரிக்ட் கோர்ட்லதான். ஆனா ஆர்டரையே எதிர்க்க அந்த கதவு 2005ல மூடியாச்சு, ஆர்டர்னா நேரா அப்பீல் கோர்ட், பெட்டிஷன் ஃபார் ரிவ்யூ, வேற வழி கிடையாது. இப்ப ஹேபியஸ் போட்டா அது தப்பான கோர்ட்னு திரும்பி வர்றதுக்குள்ள 27ஆம் தேதி போயிடும்.

சுப்ரீம் கோர்ட் போன கேஸும் தெரியும், 2020. பார்டர் தாண்டி 25 கஜம்தான் உள்ள வந்திருந்தார், பிடிச்சுட்டாங்க, முதல் இன்டர்வியூவே ஃபெயில், அதை எதிர்த்துதான் ஹேபியஸ். ஏழுக்கு ரெண்டுல அவர் தோத்துட்டார். வடலி அக்காவோட தங்கச்சி வீட்டுக்காரர் அந்த நிலைமை இல்ல, அவர் இன்டர்வியூ பாஸ் ஆகி ஜட்ஜ் முன்னாடி முழு விசாரணை நடந்து பிஐஏ வரைக்கும் போயிருக்கு. அதனாலதான் அவருக்கு அப்பீல் கோர்ட் கதவு திறந்திருக்கு. அதை விட்டுட்டு மூடின கதவை போய் தட்டுவானேன்.

கறிவேப்பிலை எழுதியது:

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கணும். எனக்கு ஜட்ஜ் வாலண்டரி டிபார்ச்சர் (நானா நாட்டை விட்டுப் போக அனுமதி) கொடுத்திருந்தார், பிஐஏவும் அதை அப்படியே வச்சிருக்கு, 60 நாள். நானும் பெட்டிஷன் போட்டா அந்த 60 நாள் நீளுமா?

மாம்பலம்_எடிசன் எழுதியது:

நீளாது, போயே போயிடும். பெட்டிஷன் ஃபைல் ஆன அந்த நிமிஷமே வாலண்டரி டிபார்ச்சர் தானா ரத்து, அதுக்கு பதிலா ரிமூவல் ஆர்டர் உயிரோட வந்துடும். போட்ட 30 நாளுக்குள்ள நீங்களா கிளம்பிப் போய் அதுக்கு ப்ரூஃப் அனுப்பினா மட்டும் ஆர்டர்ல போனதா கணக்கு வைக்க மாட்டாங்க. உங்க கேஸ் எவ்வளவு பலம்னு தெரியாம இதுல கை வைக்காதீங்க, தனி த்ரெட் போடுங்க.

நெடுந்தீவான் எழுதியது:

வடலி, என்ர அண்ணாவின்ர கேஸ் இந்த வழியாலதான் போனது, வேற சர்க்யூட், நாங்கள் நியூ யோர்க் பக்கம். சட்டம் எல்லாம் எடிசன் அக்கா வடிவா சொல்லிட்டா, நான் வீட்டு விசயம் சொல்லுறன்.

முதல், கோட் எண்டவுடன ஒரு நாளைக்கு எல்லாரும் கோட் சூட் போட்டு போய் இருந்து பேசி முடிவு கேக்கிறது எண்டு நாங்கள் நினைச்சம். அப்பிடி ஒண்டும் இல்லை. எல்லாம் கடதாசியில. எங்கட லோயர் ஒரு கட்டு எழுதினார், அரசாங்க லோயர் ஒரு கட்டு எழுதினார், எங்கடையாள் திருப்பி ஒரு சின்னக் கட்டு எழுதினார், பேந்து மூண்டு ஜட்ஜும் தங்கட பாட்டில வாசிச்சு முடிவு அனுப்பினவை. வாய் வாதமே நடக்கேல்ல. வருசக்கணக்கு போனது, இடையில ஒரு சத்தமும் இல்லை, லோயருக்கு ஃபோன் எடுத்தால் அவருக்கும் ஒண்டும் தெரியாது.

ரெண்டாவது, வெண்டிட்டம் எண்டு லோயர் சொன்ன அண்டைக்கு அம்மா பாயாசம் காய்ச்சி பக்கத்து வீட்டுக்கும் குடுத்தவ. பேந்துதான் விளங்கினது வெண்டது எண்டால் அசைலம் கிடைச்சது எண்டு இல்லை, பிஐஏ பிழையா பாத்திருக்கு, திரும்பப் பார் எண்டு கோட் திருப்பி விட்டிருக்கு, அவ்வளவுதான். பிஐஏ அதை பழையபடி இமிகிரேஷன் ஜட்ஜிட்ட அனுப்பி, முழுக்க முதல்ல இருந்து. அண்ணாவுக்கு கடைசியில கிடைச்சது, ஆனால் அந்தப் பாயாசத்துக்கும் கார்டுக்கும் இடையில கன காலம். பெட்டிசன் போட்டால் சரி எண்டு தங்கச்சிக்கு நம்பிக்கை குடுத்து வைக்காதேங்கோ.

மற்றது, தூதரகத்தில இருந்து ஆரும் வந்து இன்ரவியூ எடுத்தாலோ பயணக் கடதாசி எண்டு ஏதும் கதை வந்தாலோ அண்டைக்கே லோயருக்கு சொல்லவேணும். அது வந்தால் ஃபிளைட் கிட்டவெண்டு அர்த்தம். உள்ளுக்க இருக்கிற ஆள் அதை பெரிசா எடுக்காமல் அடுத்த கிழமை கதைக்கேக்க சொல்லுவம் எண்டு விட்டிடுவார். மச்சானுக்கு இதை இண்டைக்கே சொல்லி வையுங்கோ.

ஒருவேளை ஏத்தி அனுப்பினாலும் கேஸ் செத்துப்போகாது. மேல சொன்ன 2021 கேஸ் ஆளையும் இடையில இலங்கைக்கு ஏத்திட்டாங்கள், அதுக்குப் பிறகும் கோட் கேஸை முடிக்காமல் தீர்ப்பு எழுதினது. திரும்ப வாறது வேற பாடு, அது சுகமில்லை. ஆனபடியால்தான் ஸ்டே, ஸ்டே எண்டு எல்லாரும் கத்துறம்.

வடலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, வாசிச்சவுடன நெஞ்சு பக்கெண்டது, நாங்கள் மே 8 எண்டு கலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தம். லோயரிட்ட கேட்டனான், அவர் சொல்லுறார் தான் ஐந்தாவது சர்க்யூட்டில பதியேல்லையாம், அதால தான் போடேலாதாம். இதை முதலே சொல்லியிருக்கலாமே மனுசன்! வேற லோயர் ஒராள் கேட்ட காசு எங்களால ஏலாது. நான் எழுதி என்ர கையெழுத்தை வச்சு அனுப்பலாமோ? கோட்டுக்கு கட்டுற காசு எவ்வளவு?

மாம்பலம்_எடிசன் எழுதியது:

நீங்க கையெழுத்து போடக்கூடாது அக்கா, தங்கச்சியும் போட முடியாது. ஒண்ணு அந்த கோர்ட்ல பதிஞ்ச வக்கீல், இல்லாட்டி அவரே. வக்கீல் கிடைக்கிற வரைக்கும் அவர் பேர்லயே, அவர் கையெழுத்துலயே போகலாம், அது சட்டப்படி செல்லும், பின்னாடி வக்கீல் வந்து சேர்ந்துக்கலாம். நீங்க டைப் பண்ணி உள்ள அனுப்புங்க, அவர் கையெழுத்து போட்டு தேதி போடட்டும். டிடென்ஷன் தபால் எவ்வளவு நாள் தூங்கும்னு சொல்ல முடியாது, அதனால சாதாரண தபால் வேண்டாம். விசிட்டுக்கு போற யாராவது இருந்தா, இல்ல அந்தப் பக்கம் வந்து போற தன்னார்வ வக்கீல் யாராவது இருந்தா அவங்க மூலமா வாங்கி, நியூ ஆர்லியன்சுக்கு ஓவர்நைட் கூரியர். டெலிவரி ரசீதை பத்திரமா வைங்க.

ஃபீஸ் 600 டாலர். டிடென்ஷன்ல இருக்கிறவருக்கு வருமானம் இல்ல, அதனால ஃபீஸ் இல்லாம நடத்த அனுமதி கேட்டு ஒரு மோஷன், கூடவே சொத்து வருமானம் பத்தின அஃபிடவிட் ஃபார்ம், உள்ள அவர் பேர்ல இருக்கிற கணக்கோட ஸ்டேட்மென்ட். கவர்ல மொத்தம் மூணு: பெட்டிஷன் ஆர்டர் காப்பியோட, ஸ்டே மோஷன், ஃபீஸ் மோஷன். ஸ்டேட்மென்ட் வர லேட்டாகும்னா அதுக்காக பெட்டிஷனை நிறுத்தாதீங்க, அது பின்னாடி வரட்டும். ஸ்டே மோஷன் மட்டும் எப்படியாவது ஒரு வக்கீல் கண்ணுல பட்டுட்டு போகட்டும், அந்த ஒரு மோஷன் எழுதித்தர மட்டும் ஆள் பிடிங்க, முழு கேஸ் ஃபீஸ் மாதிரி ஆகாது. லா ஸ்கூல் க்ளினிக்குகளுக்கும் இன்னைக்கே மெயில் போடுங்க, 2021 தீர்ப்பு பத்தி முதல் வரியிலயே எழுதுங்க, அதை பார்த்தா எடுக்க யோசிப்பாங்க.

சித்தப்பா_ஸ்காபரோ எழுதியது:

சரி பிள்ளை, நான் சொன்னதை விடு, எடிசன் பிள்ளை சொல்லுறதைச் செய். அந்த 600 பிரச்சினை எண்டால் எனக்கு தனி மெசேஜ் போடு, இஞ்ச ஊர்ச்சங்கத்தில கதைக்கிறன்.

வடலி எழுதியது:

பெட்டிசன் நியூ ஆர்லியன்ஸில 22ஆம் திகதி கிடைச்சிட்டுது, கேஸ் நம்பரும் வந்திட்டுது. கையெழுத்து ஒரு சேர்ச் ஆக்கள் விசிட் போகேக்க வாங்கித் தந்தவை. ஸ்டே மோஷன் ஒரு வக்கீல் பிள்ளை குறைஞ்ச காசுக்கு எழுதித் தந்தவ, அதுக்கு இன்னும் பதில் இல்லை. ரீஓபன் மோஷனை பழைய லோயர் போடுறாராம். இனி என்ன பாக்கிறது?

மாம்பலம்_எடிசன் எழுதியது:

அப்பாடா. கேஸ் நம்பரை அவரோட டிபோர்ட்டேஷன் ஆபீசருக்கு எழுத்துல அனுப்புங்க, அதனால நின்னுடாது, ஆனா தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க. அடுத்து அரசு தரப்பு ரெக்கார்ட் கட்டை ஃபைல் பண்ணுவாங்க, அன்னைல இருந்து 40 நாள் உங்க ப்ரீஃபுக்கு, தவறினா கேஸையே தள்ளிடலாம். ரெக்கார்ட் கைக்கு வந்ததும் மூணு இடம் பார்க்கச் சொல்லுங்க: முதல் இன்டர்வியூ நோட்ஸ்ல லைன் சரியில்லன்னு எங்கயாவது இருக்கா, ஜட்ஜ் அந்த ரிப்போர்ட் கட்டுக்கு எக்ஸிபிட் நம்பர் போட்டு உள்ள எடுத்தாரா, பிஐஏ ஆர்டர்ல டார்ச்சர் பத்தி எத்தனை வரி இருக்கு. அந்த கடைசி ஒண்ணை இப்பவே பார்க்கலாம், ஆர்டர் உங்ககிட்டதான் இருக்கே, அந்த பாராவை மட்டும் பேரு நம்பர் எல்லாம் மறைச்சு இங்க போடுங்க.